தூரம் ஒன்று, நேரம் பல

கம்பைநல்லூர் 12.2 டிகிரி வட அட்சரேகையில், 78.3 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 37.6 டிகிரி வடக்கு, 122.4 டிகிரி மேற்கு. இந்த நான்கு எண்களும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் இரண்டு இடங்களுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிடலாம்: ஏறக்குறைய 14,070. எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டால் அதே எண்கள் கைவிரித்துவிடும். போகிறீர்களா, வருகிறீர்களா, எந்த மாதம், எந்தெந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது, பெங்களூருக்குள் போக்குவரத்து நெரிசல் எப்படி என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். ஒரே பயணத்தைப் பற்றிய இந்த இரண்டு கேள்விகளும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதே இந்த அத்தியாயம்.

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. கம்பைநல்லூருக்கு மிக அருகில் இருப்பது சேலம் காமலாபுரம் விமான நிலையம். நேர்கோட்டில் 55 கி.மீ. அங்கே உள்நாட்டுச் சிறு விமானங்கள்தான் வந்துபோகின்றன. அமெரிக்காவுக்குப் போகிறவர் சென்னை மீனம்பாக்கத்துக்கோ, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரின் தேவனஹள்ளிக்கோ போக வேண்டும். தேவனஹள்ளிதான் பக்கம். அந்த விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இடைநில்லா விமானம் விட்டது. முதல் விமானம் ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள். வடதுருவப் பாதையில் பறந்து பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்கள். நம் கணக்குக்கு இந்த வழித்தடத்தையே எடுத்துக்கொள்வோம்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருக்கும். அதனால் அது மேற்கே இருப்பதாகத்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. கம்பைநல்லூரில் மேகமில்லாத இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பாருங்கள். அது வடக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, சுமார் 12 டிகிரி உயரத்தில் நிற்கும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அந்த ஊரில் துருவ நட்சத்திரத்தின் உயரமும் அவ்வளவுதான். கையை நீட்டி மூடிப் பிடித்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. துருவ நட்சத்திரத்திலிருந்து வலப்பக்கம் இரண்டு முஷ்டி தள்ளிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி அந்தத் திசையில்தான் தொடங்குகிறது. மேற்கே அல்ல, கிழக்கேயும் அல்ல. வடக்கே, கொஞ்சம் கிழக்குச் சாய்வாக.

பெரு நாட்டின் லிமா நகருக்குப் போக வேண்டுமென்றால் கதையே வேறு. லிமா 12 டிகிரி தெற்கு, 77 டிகிரி மேற்கு. தூரம் 17,300 கி.மீ.க்கு மேல். அதற்குக் கம்பைநல்லூரிலிருந்து நேர் மேற்கே பார்த்துக் கிளம்ப வேண்டும். இரண்டு ஊர்களும் அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையில்தான் இருக்கின்றன. ஆனாலும் கிளம்பும் திசை ஒன்றுக்கு வடக்கு, மற்றொன்றுக்கு மேற்கு. உருண்டையான உலகத்தைத் தட்டையான தாளில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விளங்குவது கடினம்.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, அந்த உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு வில். இதைப் பெருவட்டம் என்கிறோம். ஒரு குளோபை எடுத்துப் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாகவே பெருவட்டத்தில் போய் நிற்கும். மெர்க்கேட்டர் 1569-இல் வரைந்த முறையில் அச்சாகும் படத்தில் நேர்கோடு போட்டு அதன்படியே பறந்தால் 16,100 கி.மீ. ஆகும். பெருவட்டத்தில் போனால் 14,000-க்குள். படத்தை நம்பினால் 2,100 கி.மீ. கூடுதல் செலவு.

வடக்கே ஏறிப் போனால் ஏன் குறைகிறது? பெங்களூரிலிருந்து கிழக்காகப் போனால் சான் பிரான்சிஸ்கோ 160 தீர்க்கரேகைகள் தள்ளி இருக்கிறது. எந்த வழியில் போனாலும் இந்த 160 டிகிரியைக் கடந்தாக வேண்டும். கம்பைநல்லூர் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம் 109 கி.மீ. சான் பிரான்சிஸ்கோ அட்சரேகையில் 88 கி.மீ. 71 டிகிரி வடக்கில் வெறும் 36 கி.மீ. தீர்க்கரேகைகள் நெருங்கி நிற்கும் இடத்துக்கு ஏறிப்போய் அங்கே அவற்றைக் கடப்பதுதான் மிச்சம்.

நான்கு வரிக் கணக்கு

பள்ளி முக்கோணவியலே இதற்குப் போதும். இரண்டு ஊர்களின் அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கிடைப்பது, பூமியின் மையத்தில் அந்த இரண்டு ஊர்களும் உண்டாக்கும் கோணத்தின் கொசைன்.

தேவனஹள்ளி 13.2 டிகிரி, சான் பிரான்சிஸ்கோ 37.62 டிகிரி, வித்தியாசம் 159.92 டிகிரி. முதல் பெருக்கல் 0.1394. இரண்டாவது, கழித்தல் குறியுடன் 0.7243. கூட்டினால் −0.5849. இந்தக் கொசைனுக்கு உரிய கோணம் 125.8 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி 111.2 கி.மீ. ஆகத் தூரம் 13,990 கி.மீ.

பூமி சரியான உருண்டை அல்ல என்பதால் இதில் சிறு பிழை உண்டு. மையத்திலிருந்து நடுக்கோடு 6,378 கி.மீ., துருவம் 6,357 கி.மீ. அதனால் இந்தக் கணக்கு அதிகம் போனால் அரை சதவீதம் தவறும்.

அந்த 21 கி.மீ. வித்தியாசத்தை அளந்து சொல்ல நடந்த பெரும் முயற்சிகளில் ஒன்று தருமபுரிப் பக்கமாகவே போனது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்துக்கொண்டே பெங்களூர் வரை போனார்கள். அங்கே இன்னொரு அடிக்கோட்டை அளந்து சரிபார்த்தபோது கணக்குக்கும் அளவைக்கும் இடையே இருந்த வித்தியாசம் சில அங்குலங்களே. பிறகு 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரி முதல் இமயமலை அடிவாரம் வரை ஒரு பெரிய வில் அளக்கப்பட்டது. அந்த ரேகை கம்பைநல்லூருக்கு மேற்கே 35 கி.மீ. தள்ளிப் போகிறது, தருமபுரி நகரத்துக்கு இன்னும் நெருக்கம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதிச் சேதமானது இந்த அளவைப் பணியில்தான். லாம்டன் 1823-இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அதை முடித்தார். கைப்பேசி இன்று ஒரு நொடியில் காட்டும் தூரத்துக்குப் பின்னால் இத்தகைய அளவைகள் இருக்கின்றன.

நேர்வழியில் ஏன் போவதில்லை?

தேவனஹள்ளியிலிருந்து பெருவட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொகுதியை ஒட்டி இமயத்தைத் தாண்ட வேண்டும். பிறகு திபெத், மேற்கு மங்கோலியா, சைபீரியா. 71 டிகிரி வடக்கில், ரஷ்யாவின் கோலிமா ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கு மேலே வில்லின் உச்சி. அங்கிருந்து இறங்கினால் அலாஸ்காவின் டெனாலி சிகரத்துக்குப் பக்கமாகப் போய்க் கலிஃபோர்னியா வரும்.

இந்த வழியில் முதல் தடை திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால் விமானி உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். அங்கே இறங்குவதற்கு இடமே இல்லை. அதனால்தான் நீண்ட தூர விமானங்கள் பெரும்பாலும் திபெத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

அடுத்த தடை குளிர். துருவப் பகுதியில் விமானம் பறக்கும் உயரத்தில் வெளி வெப்பநிலை சில வேளை மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே போகும். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். தொட்டியின் வெப்பநிலை அந்த அளவை நெருங்கினால் விமானி கீழே இறங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகளும் மாற்று விமானம் வரும்வரை அங்கே தங்க நேர்ந்தது. டெல்லியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குறுக்குவழி சைபீரியா வழியாகத்தான் என்பதைப் பலரும் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

இவற்றோடு அரசியலும் சேர்ந்துகொள்ளும். பாகிஸ்தான் 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை தன் வான்வெளியை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியது. வட இந்தியாவிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. பூமியில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. பயண நேரம் மட்டும் ஓர் அரசாணையால் நீண்டது.

ஒகேனக்கல் பரிசல்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் ஒரே பலத்தில் துடுப்புப் போட்டாலும், கரையில் நிற்பவருக்குப் பரிசல் நீரோட்டத்தோடு வேகமாகவும் எதிர்த்து வரும்போது மெதுவாகவும் தெரியும். விமானத்துக்குக் காற்றுதான் ஆறு. மணிக்கு 900 கி.மீ. என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரையை ஒட்டிய வேகம், அந்தக் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

14,000 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 15 மணி 33 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 14 மணி நேரம். அதே காற்று எதிரே வீசினால் 17½ மணி நேரம். இதில் இன்னொரு சேதியும் ஒளிந்திருக்கிறது. போகும்போது கிடைக்கும் லாபமும் வரும்போது ஏற்படும் நட்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. காற்றில்லாமல் போய்வர 31 மணி 7 நிமிடம். காற்றோடு போய்வர 31½ மணி. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

வடக்கே, 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றுதான் இந்த ஆறுகளில் பெரியது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன்களை அனுப்பி இதைக் கண்டறிந்தார். முடிவுகளை அவர் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் உலகம் வெகுநாள் அதைக் கவனிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு ஜம்போ விமானம், இந்தக் காற்று தள்ளியதால், 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ வழித்தடம் இதற்கு நல்ல சாட்சி. தொடக்கத்தில் ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாகப் போனது, 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகக் கிழக்கே போகத் தொடங்கியது; 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து 14½ மணியாயிற்று. தூரமான வழிதான் சீக்கிரமான வழி என்று விமானப் பாதையை வகுப்பவர்கள் முடிவெடுப்பது இப்படித்தான்.

நம் தலைக்கு மேலேயும் ஒரு ஜெட் காற்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் வானில் 14 கி.மீ.க்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காகப் பலமாக ஓடும். கோடையில் சூடேறும் திபெத் பீடபூமிக்கு இதை உண்டாக்குவதில் பங்கு உண்டு. இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958-இல் இதை விளக்கி எழுதினார். விமானங்கள் இதற்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கின்றன. அங்கேயும் அந்த மாதங்களில் கீழைக்காற்றுதான். அதனால் ஜூலையில் பெங்களூரிலிருந்து துபாய்க்குப் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது தடுக்கும். சுமார் 2,700 கி.மீ. தூரத்தில் இது நிமிடக் கணக்கில்தான் தெரியும். அமெரிக்கப் பயணத்தில் மணிக் கணக்கில் தெரியும்.

பூமி சுற்றுகிறதே, மேலே நின்றால் போதாதா?

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மாணவராவது இதைக் கேட்பார். கம்பைநல்லூரின் தரை பூமியின் சுழற்சியால் மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. ஒரு ஹெலிகாப்டர் மேலே எழும்பி அப்படியே நின்றால் கீழே உலகம் நகர்ந்து அமெரிக்கா வந்துவிடாதா? வராது. காற்றும் ஹெலிகாப்டரும் அதே வேகத்தில் கூடவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. நடுக்கோட்டில் சுழற்சி வேகம் மணிக்கு 1,670 கி.மீ.; 30 டிகிரி வடக்கில் 1,450 கி.மீ. நடுக்கோட்டுப் பக்கமிருந்து உயரத்தில் வடக்கே நகரும் காற்று, தன் கிழக்குநோக்கிய வேகத்தை விட்டுவிடாமல் கொண்டுபோகிறது. போய்ச் சேரும் இடத்தில் தரை மெதுவாக ஓடுகிறது. காற்று அதை முந்துகிறது. அந்த முந்தலே ஜெட் காற்றாகிறது. பூமியின் சுழற்சி விமானத்துக்கு நேராக உதவாவிட்டாலும் காற்றின் வழியாக உதவுகிறது.

டிக்கெட்டில் தொலைந்த நாள்

அந்த முதல் விமானம் ஜனவரி 9 இரவு 8.30-க்குக் கிளம்பி 11-ஆம் தேதி அதிகாலை 3 மணியைத் தாண்டி இறங்கியது. டிக்கெட்டைப் பார்க்கிறவர் 30½ மணி நேரப் பயணம் என்று பயந்துவிடுவார். அமெரிக்க மேற்குக் கரை குளிர்காலத்தில் நம்மைவிட 13½ மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் மிச்சம் 17 மணி நேரம். எதிர்த்திசையில் பெங்களூரில் பிற்பகல் 2.30-க்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், அங்கே அன்றைக்கே மாலை 5 மணி. இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டதாகக் கடிகாரம் சொல்லும். இரண்டு ஊர்களின் கடிகாரத்தையும் முதலில் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். டிக்கெட் கணக்கில் தவறாமலிருக்க இந்த ஒரு வழி போதும்.

வீட்டு வாசலிலிருந்து

கம்பைநல்லூரிலிருந்து தேவனஹள்ளி நேர்கோட்டில் 130 கி.மீ. சாலையில் ஏறக்குறைய 170 கி.மீ. பெங்களூரைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்க வேண்டியிருப்பதால் காரில் போக நான்கு மணி நேரம் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கச் சொல்கிறார்கள். ஆக, சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே ஏழு மணி நேரம் போய்விடும். விமானத்தில் 16 மணி, அங்கே குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி. மொத்தம் 24½. தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத முதல் 130 கி.மீ., நேரத்தில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

விமானத்தின் வேகம் கூடினால் இது மாறுமா? 1958-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 707 ஏறக்குறைய இன்றைய வேகத்தில்தான் பறந்தது. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு 1976 முதல் 2003 வரை இருந்துவிட்டு நின்றுபோனது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை மடங்கு மடங்காக ஏறி எரிபொருளைக் குடிக்கும். அறுபதாண்டுகளுக்கு மேலாக நீண்ட தூரப் பயணத்தில் மிச்சமான நேரம், வேகத்தால் வந்ததைவிட நடுவே இறங்காமல் பறப்பதால் வந்ததே அதிகம்.

மீதியுள்ள மிச்சம் தரையில்தான் இருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். குறுக்கே ஒரு வட்டம் நிற்கிறது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி, மைசூரு, ஹாசன் நீங்கலாக, அதைச் சுற்றி 150 கி.மீ. தூரத்துக்குள் 2033 வரை வேறு புதிய விமான நிலையத்துக்கு இடமில்லை. ஓசூர் அந்த வட்டத்துக்குள் நன்றாகவே உள்ளே இருக்கிறது. 130 கி.மீ.யில் இருக்கும் கம்பைநல்லூரும் உள்ளேதான். மேலே போட்ட அதே நான்கு வரிக் கணக்கை வைத்து இதை நீங்களே சரிபார்க்கலாம்.

கம்பைநல்லூரிலிருந்து ஓசூர் சாலை வழியாக 90 கி.மீ. அளவுதான், பெங்களூர் நெரிசலும் வழியில் இல்லை. அங்கிருந்து நீண்ட தூர விமானங்கள் கிளம்பும் நாள் வந்தால் போக ஒருமுறையும் வர ஒருமுறையும் இரண்டு மணி நேரம் குறையும். விமானத்தின் வேகத்தை மட்டும் கூட்டி இதே லாபத்தைப் பெற வேண்டுமானால், 900 கி.மீ. வேகத்தை 1,000-க்கு மேல் ஏற்ற வேண்டும். எந்தப் பயணிகள் விமானமும் இன்று அந்த வேகத்தில் பறப்பதில்லை.